கட்டைவிரலுக்கு வந்த கல்யாண மரியாதை

ஒரு காலத்தில் முத்தையா பிள்ளையின் வலது கால் கட்டைவிரலுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மகன் குமரகுருவுக்குத் தை மாதம் கல்யாணம். அன்று காலையில் மகன் அப்பாவின் பாதத்தைக் கழுவி, விரலில் சந்தனமும் குங்குமமும் வைப்பான். ஆயுள் முழுக்கச் செருப்புக்குள் கிடந்த விரலுக்கு அதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

ஆனால் யூரிக் அமிலம் வந்து தங்கி, விரல் தக்காளி மாதிரி வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போனது. இதில் மகன் கை எப்படிப் படும்?

குமரகுரு சுத்த சைவம். வாயைக் கட்டத் தெரியாதவர் என்று அப்பாவைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னான். விரலும் நாக்கைத்தான் திட்டியது. நாக்குக்கு அழுகையே வந்துவிட்டது. ஈரலையும் கருவாட்டையும் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று, வேண்டுமானால் சிறுநீரகத்து வாசல்காரரைப் போய்க் கேள் என்றது.

விரல் போய்க் கேட்டது. வாசல்காரர் வெளியே போகிற அமிலத்தை வாரி வாரி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது குப்பை. வெளியே விடக்கூடாதா?"

"குப்பையா பொன்னான்னு பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லையே, தம்பி. எங்கப்பாவும் இப்படித்தான், அவங்கப்பாவும் இப்படித்தான். சிக்கனம் எங்க ரத்தத்துல ஊறினது."

நல்லவேளையாகப் புது டாக்டர் ஒருவர், அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இது இருந்ததா என்று விசாரித்தார். இருந்தது. மாத்திரை கொடுத்தார். மாத்திரை வாசல்காரரின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டது. வாசல்காரர் முணுமுணுத்தார், ஆனாலும் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது.

தை பிறந்தது. மணவறையில் மகன் குந்தி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினான். வலிக்கவில்லை. விரலுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

எதிரே மகனின் கட்டைவிரல் இளக்காரமாகச் சிரித்தது. "எங்க வீட்டு நாக்கு ஈரலைத் தொட்டதே இல்லை. எனக்கு இந்தத் தொல்லையெல்லாம் வராது."

"நாக்கை விடு. உங்க வாசல்ல யாரு இருக்கா?"

"பேர் தெரியாது" என்றது இளைய விரல் பெருமையாக. "ஆனா ரொம்பச் சிக்கனமான ஆள்."