மாலைக்குப் போன நாணல்

கெளுத்தியாறு காட்டுக்குள் ஓரிடத்தில் வளைந்து போகும். அந்த வளைவில் கரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய நாணல் புதர் நின்றது. நாணலுக்குக் கீழே கரையில் ஒரு வளை. அதில் துடுப்பி என்ற நீர்நாய், இன்னும் கண் திறக்காத தன் குட்டிகளோடு குடியிருந்தது.

போன மழையில் வந்த வெள்ளம் வளைவுக்கு மேலே இருந்த கரையை அரித்துக்கொண்டு போய்விட்டது. நாணல் நின்ற இடம் மட்டும் தப்பியது. அதுவும் போனால் துடுப்பியின் வளை போகும். கரைமேல் நிற்கும் ஆலமரமும் சாயும். ஆலமரம் சாய்ந்தால் குரங்குகளுக்கு வீடு இல்லை. எருமை படுத்துக் கிடக்கும் மடுவையும் மண் மூடிவிடும். அதனால் எல்லா விலங்குகளும் மணல் திட்டில் கூடின.

மீன்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்காது. கூட்டத்தில் பாதிப் பேர் மீன் தின்கிறவர்கள்!

கூட்டத்தைக் கூட்டியது வெண்ணன் என்ற கொக்கு. ஒற்றைக் காலில் நின்று பேசினால் பேச்சுக்குக் கனம் கூடும் என்பது அதன் நம்பிக்கை.

"இந்த ஆறு நமக்குத் தாய்! இதைக் காப்பாத்த ஒரு சங்கம் வேணும்!" என்றது கொக்கு.

"வேணும்! வேணும்!" என்று எல்லாம் கத்தின.

"சங்கத்துக்கு ஒரு தலைவர் வேணும்! யார் முன்வர்றீங்க?"

வாலாடி என்ற குரங்கு பக்கத்துக் குரங்குக்குப் பேன் பார்க்கத் தொடங்கியது. காரி என்ற எருமை வானத்தைப் பார்த்தது.

"எனக்கு ஆசைதான். ஆனா வெயில் ஆகாதே!" என்றது எருமை.

"எனக்குத் தண்ணின்னாலே நடுக்கம்! மரத்துல இருந்தே ஒத்துழைப்புத் தர்றேன்!" என்றது குரங்கு.

"என்னை இழுக்காதீங்க! கூட்டத்தைக் கூட்டினவனே தலைவரா உட்கார்ந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க!" என்றது கொக்கு. அதை யாரும் இழுத்திருக்கவில்லை.

கடைசியில் துடுப்பி எழுந்தது. "நான் இருக்கேன். என் பிள்ளைங்க அந்தக் கரைக்குள்ளதான் தூங்குதுங்க. நான் சும்மா இருக்க முடியாது" என்றது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒருவர் துணிந்து எழுந்துவிட்டால் மற்றவர்களுக்கும் திடீரென்று தெம்பு வந்துவிடுகிறது. கொக்கு கௌரவத் தலைவர் ஆனது. எருமை துணைத் தலைவர் ஆனது. வெயில் பற்றி அது மறுபடி பேசவில்லை. குரங்கு விழாக் குழுவை எடுத்துக்கொண்டது.

"சரி, நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க. அரிச்ச இடத்துல கல் அடுக்கி, புது நாணல் நடலாம். மழைக்கு முன்னாடி வேர் பிடிச்சிடணும்" என்றது துடுப்பி.

"அவசரப்படாதே துடுப்பி! முதல்ல பதவியேற்பு விழா! விழா இல்லாம வேலையில இறங்கினா நம்ம சங்கத்தை யார் மதிப்பாங்க?" என்றது கொக்கு.

எல்லாரும் தலையாட்டினார்கள். துடுப்பியும் ஆட்டியது.

மறுநாள் ஆலமரத்தடியில் விழா. மாலைக்கு என்ன செய்வது? பூத்து நின்றது நாணல் மட்டும்தான். வெள்ளை வெளேரென்று பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. குரங்குகள் ஓடிப்போய்ப் பிடுங்கின.

"வேரோட பிடுங்குங்கடா! வேர்ல ஈரம் இருந்தாத்தான் விழா முடியற வரைக்கும் மாலை வாடாது!" என்று கத்தியது வாலாடி.

துடுப்பி எழுந்தது. 'அது என் வளைக்கு மேல நிக்கிற நாணலாச்சே' என்று வாயைத் திறக்கப் போனது. அதற்குள் மாலை கழுத்தில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது. "தலைவி வாழ்க!" என்று காடே கத்தியது. பிறந்ததிலிருந்து துடுப்பிக்கு யாரும் வாழ்க சொன்னதில்லை. சொல்ல வந்ததை அது விழுங்கிவிட்டது.

தலைவிக்குப் பிறகு கௌரவத் தலைவருக்கு மாலை. துணைத் தலைவருக்கு மாலை. எருமையின் கழுத்துக்கு மட்டும் கால்வாசிப் புதர் தேவைப்பட்டது. பிறகு மாலை போட்டவர்களுக்கு மாலை. பேசியவர்களுக்கு மாலை. பேசாமல் இருந்து ஒத்துழைத்தவர்களுக்கும் மாலை. கொக்கு பேசி முடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வளைவில் ஒரு நாணல் மிச்சமில்லை. கரை மொட்டையாக நின்றது.

மலைப்பக்கம் மத்தியானமே இருட்டிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. விழா பார்ப்பவர்கள் மலையையா பார்ப்பார்கள்?

முதலில் ஆற்றின் நிறம் மாறியது. பிறகு இரைச்சல் வந்தது.

"வெள்ளம்! வெள்ளம்!"

குரங்குகள் மரத்தில் ஏறின. கொக்கு பறந்தது. எருமை மேட்டுக்கு ஓடியது. துடுப்பி ஒன்றுதான் ஆற்றை நோக்கிப் பாய்ந்தது.

கரை வெடித்து, மண் பாளம் பாளமாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. வளைக்குள் குட்டிகள் கீச்கீச்சென்று கத்தின. துடுப்பி தலையை உள்ளே நுழைத்தது. உடம்பு நுழையவில்லை! கழுத்தில் கிடந்த மாலை வளை வாயில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வேரில் மாட்டிக்கொண்டது. இழுத்தது. இன்னும் இறுகியது. குட்டிகளின் மூச்சு மூக்கில் படுகிறது. ஆனால் எட்டவில்லை.

அந்த நேரத்தில் அது பட்ட பாட்டை எந்தத் தாய்க்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

துடுப்பி மாலையைக் கடித்தது. நார் நாராகக் கடித்து அறுத்தெறிந்தது. உள்ளே பாய்ந்து ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேட்டில் கொண்டுவந்து போட்டது. கடைசிக் குட்டியோடு வெளியே வந்ததும் வளை இருந்த கரை மொத்தமாகச் சரிந்து ஆற்றோடு போனது. ஆலமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழாமல் நின்றது.

வெள்ளம் வடிந்ததும் மறுபடி கூட்டம். கொக்கு தொண்டையைச் செருமியது.

"நம் தலைவியின் வீரத்தைப் பாராட்டி ஒரு விழா எடுக்கணும்! 'வீரத்தாய்' பட்டம்! பெரிய மாலை!"

"இந்தக் கரையில நாணல் இல்லையே!" என்றது வாலாடி. "கவலைப்படாதீங்க, எதிர்க்கரையில நிறைய நிக்குது!"

"நில்லு!" என்றது துடுப்பி.

வாலாடி நின்றது.

"அன்னைக்கே நான் தடுத்திருக்கணும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். மாலை கழுத்துல நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் அது கழுத்துல இருந்திருந்தா என் பிள்ளைங்க இருந்திருக்காது. இனி இந்தச் சங்கத்துல யாருக்கும் மாலை கிடையாது!"

சொல்லிவிட்டு அது சேற்றில் இறங்கியது. வெள்ளத்தோடு போகாமல் ஆலமர வேரில் சிக்கி, அறுந்து கிடந்த தன் மாலையைத் தேடி எடுத்தது. வேரோடு பிடுங்கியதில் ஒரே ஒரு நன்மை இருந்தது. சேற்று ஈரத்தில் கிடந்த நாணலின் வேர் இன்னும் சாகவில்லை. துடுப்பி ஒவ்வொரு தூராகப் பிரித்து, மொட்டைக் கரையில் குழி பறித்து நடத் தொடங்கியது. யாரையும் கூப்பிடவில்லை.

பிறகு எருமை தன் மாலையைக் கொண்டுவந்தது. பாதியைத் தின்றுவிட்டிருந்தது. மீதியைக் கரையில் வைத்துவிட்டு, குழிக்கு முன்னால் தண்ணீர் வேகத்தை மறித்துப் படுத்துக்கொண்டது. குரங்குகள் கிளையில் மாட்டி வைத்திருந்த மாலைகளைக் கழற்றிக்கொண்டு இறங்கின. வாலாடி கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது. நடுங்கியது. இன்னொரு காலையும் வைத்தது.

கொக்கு மட்டும் கழுத்தில் காய்ந்த மாலையோடு திட்டில் நின்றது.

"அப்போ கூட்டம் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டது.

துடுப்பி தலை நிமிரவில்லை. "இதுதான் கூட்டம்!" என்றது.

கொக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. கேட்க ஆளில்லாத இடத்தில் எவ்வளவு நேரம்தான் ஒற்றைக் காலில் நிற்பது? மடக்கி வைத்திருந்த காலை மெல்ல நீட்டிச் சேற்றில் ஊன்றியது.

நமக்காக முன்வந்து தலைமை ஏற்பவருக்கு மாலை போடுவது மரியாதை ஆகாது, அவரோடு சேற்றில் இறங்குவதே மரியாதை.