ஒன்பது அடி முரசு

செங்கழனி நாட்டை ஆண்ட கொற்றகேது மன்னருக்கு இரண்டு பழக்கங்கள். முரசு சொன்னால் நம்பிவிடுவார். பரிசு சொன்னால் மறந்துவிடுவார். அவருடைய அவையில் இருந்த அம்பலவாணனுக்கு இரண்டாவது பழக்கம் நன்றாகவே தெரியும். போன தைப்பூசத்தன்று அவனுக்குப் பட்டுச் சால்வை தருவதாக ஊரெல்லாம் முரசறைந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து வாழ்த்தி, விருந்தும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சால்வை மட்டும் இன்னும் வரவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் மருத்துவச்சி பேச்சாயி அவைக்கு வந்து அழுதாள்.

"பொழுது சாயுறதுக்குள்ள ஊரை விட்டுப் போன்னு உத்தரவாகியிருக்கு சாமி. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ பிரசவம் பார்த்த குழந்தையெல்லாம் ஊமையாகிறதாம். நாலு நாளாக முரசு சொல்கிறது. ஊரே கொதிக்கிறது. நான் என்ன செய்ய?"

அம்பலவாணன் மெதுவாக எழுந்தான். "அரசே, நம் இளவரசருக்குப் பிரசவம் பார்த்தது யார்?"

மன்னர் யோசித்தார். அந்த நேரம் பார்த்து உள்கட்டிலிருந்து, "எனக்குக் குதிரை வேணும்! இப்பவே வேணும்!" என்று ஒரு கூச்சல் வந்தது. இளவரசருக்கு வயது நான்கு. தூங்கும் நேரம் தவிர அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

"அட, பேச்சாயிதான்!" என்றார் மன்னர். "எனக்கு அது நினைவுக்கே வரவில்லையே!"

பெற்ற பிள்ளையின் சத்தத்தைவிட முரசின் சத்தம் பெரிதாக இருந்தால் வேறு எப்படி இருக்கும்? அம்பலவாணனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் கோபப்படும்போது குரலைத் தாழ்த்திப் பேசுகிறவன்.

"முரசு நாயகத்தைக் கூப்பிட்டு விசாரிக்கலாமே" என்றான்.

முரசு நாயகம் உலகநாதர் பட்டத்து யானையிலிருந்து இறங்கி வந்தார். அவர் வேலை இதுதான்: யானைக் கொட்டிலின் வாசலில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கும். யார் வேண்டுமானாலும் சேதி எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. உலகநாதர் யானை மேல் ஏறி, மூன்று அடி அடித்து, ஓலையைப் பிரித்துப் படிப்பார். ஒன்பது அடி அரசாணைக்கு மட்டும் என்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தை அவர் கொஞ்சம் தளர்த்தியிருந்தார். முதல் சுற்றில் எந்தச் சேதிக்குக் கூட்டம் சேருகிறதோ, அதற்கு அடுத்த சுற்றில் ஒன்பது அடி. கூட்டம் கூடிய தெருவில் யானை நின்றது. கூட்டம் கலைந்த தெருவில் யானைக்குக் கால் தரிக்கவில்லை. ஏரிக்கரை உடையப்போகிறது என்ற ஓலை ஒரே சுற்றோடு முடிந்துபோனது. பேச்சாயி சேதி ஆறு சுற்று வந்தது.

"பேச்சாயியைப் பற்றி எழுதியது யார்?" என்று கேட்டான் அம்பலவாணன்.

"எனக்கெப்படித் தெரியும்? முரசுதான் என்னுடையது. சேதி என்னுடையது இல்லை."

"உண்மையா என்று விசாரித்தீரா?"

"அது என் வேலையே இல்லை. யானை மேல் ஏறிய பிறகுதான் முடிச்சையே அவிழ்ப்பேன். முன்னாலேயே படித்தால் பாரபட்சம் பார்த்தேன் என்று நாலு பேர் சொல்ல மாட்டார்களா?"

"ரொம்ப நியாயம்" என்ற அம்பலவாணன், மடியிலிருந்து கட்டிய ஓலை ஒன்றை எடுத்து நீட்டினான். "இது உங்கள் வீட்டைப் பற்றிய சேதி. உங்கள் வழக்கப்படியே யானை மேல் ஏறி, முடிச்சை அவிழ்த்து, ஒன்பது அடி அடித்துப் படியுங்கள். சந்தைத் தெருவில் இன்று நல்ல கூட்டம்."

உலகநாதர் கை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"என் வீட்டைப் பற்றியா?"

"ஆமாம்."

"வெள்ளிக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சந்தைத் தெருவில்தான் தங்கியிருக்கிறார்கள்."

"அப்படியானால் அவர்களுக்கும் நன்றாகக் கேட்கும்."

உலகநாதர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எழுதியது யார்?"

"அது எதற்கு? முரசுதானே உங்களுடையது."

"ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுகிறேனே!"

"பாரபட்சம் என்பார்களே."

"யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்! ஒரு பெண்ணின் வாழ்க்கை ஐயா! விசாரிக்காமல் எப்படி ஊரைக் கூட்டிப் படிப்பது?" என்று கத்தினார் உலகநாதர்.

மூலையில் நின்ற பேச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். உலகநாதர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஓலையை வாங்கி முடிச்சை அவிழ்த்தார். ஓலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"இதில் ஒன்றுமே எழுதவில்லையே!"

"ஆமாம்" என்றான் அம்பலவாணன். "பேச்சாயி சேதிக்கும் இவ்வளவு ஆதாரம்தான் இருந்தது."

உலகநாதர் தலை குனிந்தார். மன்னரும் கொஞ்சம் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, தன் உத்தரவை ரத்து செய்தார். "பேச்சாயி மேல் சொன்னது பொய் என்று அதே தெருக்களில், அதே ஆறு சுற்று, அதே ஒன்பது அடி அடித்துச் சொல்ல வேண்டும். கூட்டம் வராவிட்டாலும் யானை நிற்க வேண்டும். இனிமேல் விசாரிக்காத சேதி எதுவும் முரசேறக் கூடாது."

"உத்தரவு" என்றார் உலகநாதர்.

மன்னருக்கு மனசு லேசாகிவிட்டது. "இன்னொன்றும் அறிவியுங்கள். அம்பலவாணனின் சாதுர்யத்துக்குப் பட்டுச் சால்வை பரிசு!"

உலகநாதர் நகரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அரசே, பொறுத்தருள வேண்டும். சால்வையைக் கொடுத்தாகிவிட்டதா?"

மன்னர் விழித்தார். அம்பலவாணன் கூரையில் ஏதோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கணம் மன்னர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அம்பலவாணன் தோளில் போர்த்தினார்.

உலகநாதர் கிட்டே வந்து சால்வையின் நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பட்டுதான். அதற்குப் பிறகுதான் யானையைக் கொண்டுவரச் சொன்னார்.