தலைவர் கையால ஒரு சுவிட்ச்

"இனிமே மேட்டுத்தெருவுல இருட்டே கிடையாது!"ன்னு கவுன்சிலர் உலகநாதன் மைக்ல சொல்லி வாய மூடல, அவர் அப்பத்தான் திறந்து வச்ச தெருவிளக்கு அத்தனையும் மங்கிப்போச்சு! கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிருச்சு.

மனுஷனுக்கு வந்துச்சே கோபம்! பக்கத்துல நின்ன மின்வாரிய வயர்மேன் சூசையைப் பாத்து மைக்லயே கத்துறார்: "என்னய்யா, அனல்மின் நிலையத்துல நிலக்கரி தீந்துபோச்சா? இப்பவே பளிச்னு எரியணும். இல்ல, நாளைக்கே உன்னை மலைமேல மாத்திருவேன்!"

சூசையோட பொண்டாட்டி நிறைமாசம். இப்பப் போய் மாத்தலா?

சூசை பவ்யமா கும்பிட்டார். "அங்க கரண்ட் நல்லாத்தான் தயாராகுது தலைவரே. வர்ற வழியிலதான் எங்கயோ குறையுது. கைராசிக்காரர் நீங்க, இந்தத் தெருவிளக்கு சுவிட்சை ஒருதடவை அணைச்சுப் போட்டீங்கன்னா சரியாயிடும்."

கைராசின்னதும் தலைவருக்கு ஒரே பூரிப்பு! வீடியோக்காரரைக் கிட்ட கூப்பிட்டு நிறுத்திக்கிட்டு, சுவிட்சை டப்புன்னு அணைச்சார். தெருவிளக்கு போச்சு. வீடுகள்ல எல்லாம் கரண்ட் இருக்கு.

எதிர் மாடியிலேர்ந்து அவர் சம்சாரம் எட்டிப் பாத்துக் கத்தினாங்க: "என்னங்க! நம்ம வீட்டு ஏசி எல்லாம் நின்னுபோச்சு!"

மொத்தத் தெருவும் நிமிந்து பாத்துச்சு. விளக்குக் கம்பத்துல கொக்கி போட்டு நேரா அவர் மாடிக்கு ஒரு திருட்டு வயர்!

"குறையுற இடம் கிடைச்சிருச்சு தலைவரே!"ன்னார் சூசை. "கொக்கியை இப்பவே கழட்டட்டுமா, இல்ல நீங்க பேசி முடிச்சதுமா?"

மாத்தல் பேச்சை அப்புறம் யாரு எடுப்பா?

ஏங்க, உங்க தெருவுலயும் விளக்கு மங்குறப்ப ஒரு வீடு மட்டும் ஜில்லுன்னு இருக்கா?