முறுக்குக் கடையில் வேலை நிலவரம்

கோணப்பட்டிச் சிங்காரத்துக்கு முறுக்குக் கடையில் வேலை கிடைத்ததும் அவன் முதலில் ஓடியது மாமன் வீட்டுக்குத்தான். "மூணு மாசம் வேலையில நிலைச்சு நில்லு, பொன்னியைக் கட்டித் தரேன்" என்றார் மாமன். பொன்னி என்று சொன்னாலே சிங்காரத்துக்கு நெஞ்சு இனிக்கும்.

நிலைத்துத்தான் நின்றிருப்பான். அந்த நேரம் பார்த்து, ஊரில் வேலை நிலவரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்கெடுக்க நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். நால்வருக்குள்ளும் அறிவில் ஏற்றத்தாழ்வே கிடையாது, ஒருவருக்கும் அது இல்லை.

"ஒரு ஆளைப் பிடிச்சா விடாதீங்க. அதே ஆளைத் திரும்பத் திரும்பக் கேளுங்க. வாய்ச்சொல்லை நம்பாம, கண்ணால பார்த்து எழுதுங்க" என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் சிங்காரத்தைப் பிடித்தார்கள்.

"தம்பி, இப்ப வேலை செய்றியா?" என்றார் தலைவர் பூவலிங்கம்.

சிங்காரம் மரியாதை தெரிந்தவன். கரண்டியைக் கீழே வைத்து, துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி நின்று, "செய்றேங்கண்ணே" என்றான்.

நால்வரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"வாய் செய்றேங்குது. கை சும்மா இருக்குதே?"

"கண்ணால பார்த்ததைத்தானே எழுதணும்?"

"அப்ப, வேலை இல்லைன்னு எழுது."

இதற்குள் சட்டியில் முறுக்கு கருகிவிட்டது. சற்று நேரத்தில் மறுபடி வந்து கேட்டார்கள், மறுபடி கைகட்டினான், மறுபடி கருகியது. பொழுது சாய்வதற்குள் முதலாளி அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்.

"பார்த்தீங்களா, நாம எழுதினதுதான் சரி!" என்று நால்வரும் பூரித்துப்போனார்கள்.

சிங்காரம் ஓவென்று அழுதான். பூவலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. "அழாதே தம்பி, எங்ககூடவே வேலைக்குச் சேர்ந்துக்க. கேள்வி கேட்கிறதுதான் வேலை. ஆனா பிடிச்ச ஆளை விடக்கூடாது. உன்னையே கேளு" என்றார்.

சிங்காரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வேலை செய்றியா?" என்று தன்னையே கேட்டான். பிறகு கைகட்டி நின்று, "செய்றேங்கண்ணே" என்றான்.

நால்வரும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கேட்டவனுக்கு வேலை இருக்கு. கைகட்டினவனுக்கு இல்லை."

"அப்ப இது ஒரு ஆளாவே இருக்க முடியாது."

"ரெண்டு சிங்காரம்னு எழுது."

விஷயம் மாமன் காதுக்குப் போனது. அவரும் கோணப்பட்டிக்காரர்தானே! "வேலை இருக்கிற சிங்காரத்துக்குத்தான் பொண்ணு. மத்தவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சிங்காரம் மாமனிடம் ஓடினான். "பாவம் மாமா, அவனும் எங்கூடவே பொறந்து வளர்ந்தவன். மாப்பிள்ளைத் தோழனாவாவது நிக்கட்டும்" என்று காலில் விழுந்தான்.

மாமன் மனம் இரங்கினார். கல்யாணத்தன்று சிங்காரம் பொன்னிக்குத் தாலியைக் கட்டிவிட்டு, அவசரமாக எழுந்து தோழனாக மணவறைக்குப் பின்னால் ஓடி, காலியாக இருந்த மாப்பிள்ளைப் பலகைக்கு விசிறிக்கொண்டு நின்றான்.