கொசுவம்

"மூணு வருஷமா முட்டிப் பாத்துட்டேன் மேடம். எழுத்துத் தேர்வுல ஒவ்வொரு தடவையும் முதல் பத்துக்குள்ள வர்றேன். நேர்முகத்துல உட்கார்ந்தா வெளிய அனுப்பிடுறாங்க. என்கிட்ட என்னதான் குறை?"

கேட்டுக்கொண்டே குலசேகரன் தன் ஃபைலை நீட்டினான்.

ஹிதாயா அதை வாங்கினார். திறக்கவில்லை.

பக்கத்து மேஜையில் ஒரு நோயாளி மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மேஜை ஆடியது. நாலாவது கட்டை ஒவ்வொரு முறையும் சரிந்து விழுந்தது.

ஹிதாயா குனிந்து, ஃபைலை மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார்.

நாலாவது கட்டை நின்றது. ஐந்தாவதும் நின்றது.

"நாளைக்குக் காலையில எட்டரைக்கு வந்துடுங்க சார். போறப்ப ஃபைலை எடுத்துக்கங்க. மேஜைக்கு நான் அட்டை மடிச்சு வச்சுக்கறேன்."

ஹிதாயாவுக்கு வயது முப்பத்து மூன்று. அவனுக்கு நாற்பத்தொன்று.

திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த அந்த மருத்துவமனையின் பின்பக்கம், ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். பக்கவாதம் வந்தவர்களும் விபத்தில் அடிபட்டவர்களும் மறுபடி சாப்பிட, குளிக்க, உடுத்த, வேலைக்குப் போகப் பழகிக்கொள்ளும் இடம். ஆக்குபேஷனல் தெரபி என்று பலகை தொங்கியது. ஹிதாயாதான் அதற்குத் தலைவர். அவரிடம் சில மாதம் இருந்தவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது.

குலசேகரன் பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே துறையில் பட்டம் வாங்கியவன். வாங்கிய கையோடு சக்கர நாற்காலி விற்கும் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராக அலைந்தான். மனசு இங்கேயே கிடந்தது. இப்போது அந்த வேலையையும் விட்டு ஏழு மாதம். சென்னையில் அவன் குறிவைத்த கல்லூரியில் மொத்தமே ஆறு இடம்தான்.

"இது நாலாவது தடவை. இதோட போதும்," என்று மனைவி சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகம் உறுத்தியது.

மறுநாள் ஹிதாயா அவனிடம் ஒரு நோயாளியை ஒப்படைத்தார்.

சவரியம்மாள். ஐம்பத்திரண்டு வயது. ஊராட்சிப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறி, தடியூன்றி நடக்கிறார். இடது கை மட்டும் மடங்கினபடி மார்போடு ஒட்டிக் கிடந்தது.

குலசேகரன் இரண்டு நாள் அவரைப் பரிசோதித்தான். ஆறு பக்கம் அறிக்கை எழுதிக் கொண்டுவந்தான்.

"அவங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றார் ஹிதாயா.

"கைப்பிடியில வலு வேணும். விரல் ஒருங்கிணைப்பு வேணும். தோள்பட்டை அசைவு..."

"இதெல்லாம் உங்களுக்கு வேண்டியது. அவங்களுக்கு?"

அவன் போய்க் கேட்டான்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்றேன் சார்," என்றார் சவரியம்மாள்.

அதை அப்படியே வந்து சொன்னான். ஹிதாயா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அது பதில் இல்ல சார். மரியாதை."

ஒரு வாரம் போனது. குலசேகரன் கேட்பதை நிறுத்திவிட்டான். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. சவரியம்மாள் கட்டை அடுக்கும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். மருமகள் கொண்டுவரும் டீயில் அவனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் தெறந்துருவாங்க. நான் போய் நிக்கலைன்னா பக்கத்து ஊரு அமைப்பாளர்ட்ட என் பொறுப்பையும் கொடுத்துருவாங்க."

"போகலாமே அம்மா. எழுத வலது கை இருக்கு. நடக்குறீங்க."

"எதைக் கட்டிக்கிட்டுப் போறது?"

அவர் தன் உடுப்பைக் குனிந்து பார்த்தார். பூப்போட்ட நைட்டி.

"எட்டு மாசமா இதான். மருமக கட்டிவிடுறேங்கிறா. இப்ப எனக்காக லீவு போட்டிருக்கா, லீவு முடிஞ்சா காலையில ஆறு மணி பஸ்ஸுக்குத் தையல் கம்பெனிக்கு ஓடுற பிள்ளை அவ. இருபத்தாறு வருஷம் நானே கட்டிக்கிட்டுப் போன சேலை சார்."

குலசேகரன் அன்றைக்கு நடந்து வீட்டுக்குப் போகவில்லை, பறந்து போனான். அவனுக்கு வழி தெரிந்துவிட்டது.

நாலாம் நாள் ஒரு சேலையோடு வந்தான். தையல்காரரிடம் சொல்லிச் செய்தது. கொசுவத்தை மடித்துத் தைத்து, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் வைத்திருந்தது. பாவாடை மாதிரி சுற்றி அழுத்தினால் போதும். ஒரு கையால் இரண்டே நிமிடம்.

சவரியம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டுப்பட்டையைப் பிரித்தார். ஒட்டினார். மறுபடி பிரித்தார்.

"இது மாறுவேஷப் போட்டியில சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டிவிடுறது சார்," என்றார்.

மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவன் நேரே ஹிதாயாவிடம் போனான்.

"நல்ல தீர்வு மேடம். வேலை முடிஞ்ச மாதிரிதான். அவங்க பிடிவாதம் பிடிக்கிறாங்க."

"உங்களுக்குச் சேலை கட்டத் தெரியுமா சார்?"

"எனக்கா? தெரியாது."

ஹிதாயா எழுந்தார். அலமாரியிலிருந்து கட்டுத்துணியை எடுத்தார். அவனுடைய இடது கையை மடக்கி, மார்போடு சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஒரு பழைய நூல் சேலையை வலது கையில் கொடுத்தார்.

"சவரியம்மாகிட்டப் போய்க் கத்துக்கங்க."

நாற்பத்தொரு வயசு ஆண், பேன்ட்டுக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கூடத்தின் நடுவில் நின்றான்.

"உள்முனை இடுப்புல நிக்கணும். நல்லாச் செருகுங்க."

செருகினான். சுற்றினான். கொசுவம் மடிக்கப் போனான். ஒன்று மடித்தான். இரண்டாவதை மடிக்க விரல் போனதும் முதலாவது அவிழ்ந்தது. அதைப் பிடித்தால் இடுப்பில் செருகியது நழுவியது. அதைப் பிடித்தால் எல்லாம் காலடியில் விழுந்தது.

"இது முடியாதும்மா," என்றான்.

சவரியம்மாள் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்ற மருமகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"முடியாதுன்னு நான்தான சார் சொல்லணும்," என்றார் சவரியம்மாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் கட்டினார்கள், தினமும் அவிழ்ந்தது. நைலக்ஸ் வழுக்குகிறது, கஞ்சி போட்ட பருத்திதான் நிற்கும் என்று அவர் கண்டுபிடித்தார். பாவாடையில் நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைக்கலாமா என்று அவன் கேட்டான். கொஞ்சம் யோசித்து, "அது வெளிய தெரியாதுல்ல, வைங்க," என்றார்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் காலை.

"இன்னைக்கு நான் மட்டும் கட்டுறேன். நீங்க ஒக்காருங்க," என்றார் சவரியம்மாள்.

குலசேகரன் நாற்காலியை அவருக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான். கை ரெண்டும் முழங்காலில், பாயத் தயாராக இருந்தன.

ஹிதாயா எங்கிருந்தோ வந்தார். இரண்டு டம்ளர்களில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். ஒன்றை அவன் வலது கையில் கொடுத்தார், இன்னொன்றை இடது கையில்.

"சிந்தாமப் பிடிங்க சார்," என்றார். தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சவரியம்மாள் நைட்டிக்கு மேலேயே எலாஸ்டிக் பாவாடையை ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தார். சேலையின் உள்முனையைச் செருகினார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகையும் சுவரில் கொடுத்து, சேலையைச் சுற்றிவந்தார்.

முதல் மடிப்பு. இரண்டாவது. மூன்றாவது.

நாலாவதில் எல்லாம் விழுந்தது.

அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது.

குலசேகரனின் தோள் முன்னால் போனது. தண்ணீர் தளும்பியது.

சவரியம்மாள் குனிந்து சேலையை எடுத்தார். ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே துணியை விரித்து ஒரு மடிப்பு எடுத்தார். அதை மடங்கிக் கிடந்த இடது கைக்கும் வயிற்றுக்கும் நடுவே திணித்தார். இத்தனை மாதமாக எதற்கும் ஆகாத கை அதை அழுத்திக்கொண்டது.

இன்னொரு மடிப்பு. அதையும் திணித்தார்.

இந்த வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. குலசேகரன் எல்லாப் புத்தகமும் படித்தவன்.

ஆறு மடிப்பு. எல்லாவற்றையும் சேர்த்து வலது கையில் அள்ளி, இடுப்பில் செருகினார். முந்தானையை உதறித் தோளில் போட்டார்.



"எவ்வளவு நேரம்?" என்று சவரியம்மாளே கேட்டார்.

"முப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் ஹிதாயா.

பிறகு குலசேகரனிடம் வந்து டம்ளர்களை வாங்கினார். உயர்த்திப் பார்த்தார்.

"கொஞ்சம் சிந்தியிருக்கு."

"நாலாவது மடிப்புல மேடம்."

"நானா இருந்தா மூணாவதுலயே சிந்தியிருப்பேன்," என்றார் ஹிதாயா. தண்ணீரை ஜன்னல் வழியே செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூன் பிறந்தது. பள்ளி திறந்த அன்று சவரியம்மாள் சேலை கட்டி வேலைக்குப் போனதாக மருமகள் போனில் சொன்னாள். மாதக் கடைசியில் குலசேகரன் நேர்முகத்துக்குச் சென்னை போனான்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியருக்கு அவன் முகம் பழகிப்போயிருந்தது.

"சொல்லுங்க. ஆக்குபேஷனல் தெரபின்னா என்ன?"

மூன்று வருஷமும் கேட்ட அதே கேள்வி. அவனுக்கு விளக்கம் வரி பிசகாமல் மனப்பாடம். வாயைத் திறந்தான். அது வரவில்லை.

"திண்டுக்கல் பக்கம் சவரியம்மாள்னு ஒருத்தங்க, சார்," என்று ஆரம்பித்தான்.

எல்லாவற்றையும் சொன்னான். தான் செய்துகொண்டுபோன சேலையையும், அதை அவர் திருப்பிக் கொடுத்ததையும் விடவில்லை.

பேராசிரியர் பேனாவை மூடினார்.

"முப்பத்தெட்டு நிமிஷம். வேலைக்குப் போற பொம்பளை. தினமும் இது நடக்கிற காரியமா?"

"தெரியலை சார். அவங்களைத்தான் கேக்கணும்."

"கேட்டீங்களா?"

"இல்லை சார்."

"ஏன்?"

"அவங்க கட்டி முடிச்சதுமே எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். கேக்கணும்னே தோணலை."

பேராசிரியர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். வேறொன்றும் கேட்கவில்லை.

இந்த வருஷமும் போச்சு என்று நினைத்துக்கொண்டு குலசேகரன் ரயில் ஏறினான். மனைவியிடம் என்ன சொல்வது என்று விழுப்புரம் வரை யோசித்தான். அதற்குப் பிறகு தூங்கிவிட்டான்.

ஜூலை நடுவில் பட்டியல் வந்தது. ஆறு பெயர். ஆறாவது அவனுடையது.

மனைவி பட்டியலை இரண்டு தடவை படித்தாள். பிறகு அவனைப் பார்த்து, "சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்புங்க. மேடத்துக்கு நேர்லயே சொல்லணும்," என்றாள்.

ஹிதாயா ஒரு கிழவருக்குச் சோற்றுக் கரண்டியின் பிடியில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"இடம் கிடைச்சிருச்சு மேடம்."

"ரொம்ப சந்தோஷம் சார்." நிஜமாகவே சந்தோஷப்பட்டார், முகத்தில் தெரிந்தது. "அந்த முப்பத்தெட்டு நிமிஷத்தைப் பத்தி அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

நேர்முகத்தில் நடந்ததை அவன்தான் வந்து சொல்லியிருந்தான்.

"இன்னும் இல்லை மேடம்."

ஹிதாயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பக் கிளம்பினா சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள போயிடலாம்."

நத்தம் சாலையில் ஒரு வேப்பமரத்துப் பள்ளிக்கூடம். சமையல் கூடத்து வாசலில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சவரியம்மாளின் குரல் அவனுக்குத் தெருவிலேயே கேட்டது. சாம்பாரில் உப்புக் கம்மி என்று யாரையோ பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சவரியம்மாள் கிளிப்பச்சை நிறத்தில் சுடிதார் போட்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க! இடம் கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சும்மா." அவன் கண் அந்தப் பச்சையை விட்டு நகரவில்லை. "சேலை என்னாச்சு?"

"மொத நாள் கட்டிக்கிட்டு வந்தேன். ஹெட்மாஸ்டர் பாத்தாரு, சமையக்காரம்மா பாத்துச்சு, பிள்ளைக எல்லாம் பாத்துச்சு. அடுத்த வாரம் பூராவும் கட்டினேன். அப்புறம் மருமககிட்டச் சொல்லி இதை வாங்கியாரச் சொன்னேன். தலைவழியா மாட்டினா முடிஞ்சுது. தினம் முக்கா மணி நேரம் யாரால ஆகும்?"



"அப்ப... அவ்வளவு நாள் அவ்வளவு கஷ்டப்பட்டீங்களேம்மா. சுடிதாரை அப்பவே போட்டிருக்கலாமே?"

சவரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு படித்த மனுஷன் இதைக் கேட்கிறானே என்கிற மாதிரி பார்த்தார்.

"அப்ப எப்படி சார் போடுறது?" என்றார். "அப்ப எனக்குச் சேலை கட்ட வராதே."