ரெண்டு பக்கமும் சமம்

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் இசக்கியப்பன் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கடையில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. அவரோ, உதவியாளர்களான சப்பாணிமுத்துவும் கோயில்பிச்சையுமோ அதை எடுத்துச் செலவழித்ததே இல்லை.

பழைய கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே ஓடியதால், செல்வின் என்கிற இன்ஜினியர் அதில் லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, படங்களை மொத்தமாக ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுக்க ஒரு டூலும் வைத்து, ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். காப்பி எடுக்க வேண்டியது இசக்கியப்பனின் மச்சினி கல்யாணப் படங்கள், ஆயிரத்து நூறு. சாயங்காலம் மாமியார் வடிவம்மாள் பார்க்க வருகிறாள். படம் இல்லையென்றால் இனி மாமனார் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

முதல் வரி: ‘முதலில் ஒத்திகை ஓட்டவும்.’ ஒத்திகையில் டூல் எதையும் காப்பி எடுக்காது, எடுக்கப்போகிற படங்களின் பெயரை மட்டும் வரிசை எண் போட்டுக் காட்டும். கோயில்பிச்சை அந்தப் பட்டியலை அழகாகப் பிரிண்ட் போட்டு வைத்தான்.

இரண்டாம் வரி: ‘காப்பி ஓடும்போது கம்ப்யூட்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது.’ காப்பியை ஓடவிட்ட உடனே ஃபேனை நிறுத்தினார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனைநடை நடந்து வெளியே போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார்கள். ஹாரன் அடித்த பஸ்ஸைப் பார்த்து சப்பாணிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். திரையில் பச்சைப் பட்டை நிறைந்ததுதான் தாமதம், ஓடிப்போய் ஹார்டு டிஸ்கை வெடுக்கென்று உருவினான்.

மூன்றாம் வரி: ‘இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் வேலை முடிந்தது.’ டிஸ்கை மறுபடி மாட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஆயிரத்து நூறு, டிஸ்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

“அண்ணாச்சி, டிஸ்க்ல ஒண்ணு குறையுது.”

“குறையலடே! கம்ப்யூட்டர்லல்லா ஒண்ணு கூடுதலா இருக்கு,” என்றார் இசக்கியப்பன்.

“அப்ப அதை அழிச்சிட்டா?”

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். குறை காண முடியவில்லை. சப்பாணிமுத்து அழித்தான். வேகத்தில் இரண்டு போய்விட்டது. இப்போது டிஸ்கில் ஒன்று கூடுதல். கோயில்பிச்சை அதை அழிக்கப்போக, அவன் கைக்கும் இரண்டு போனது. கொஞ்சம் கொஞ்சமாக அழித்து மாளவில்லை என்று, பிறகு கைநிறைய அழித்தார்கள். கடைசியில் சமமாயிற்று. இசக்கியப்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். செல்வினுக்குப் போன் போட்டார்.

“தம்பி, ரெண்டும் அச்சுப் பிசகாம சமம்!”

“எத்தனை படம் அண்ணாச்சி?”

“இங்கயும் ஒண்ணுமில்ல, அங்கயும் ஒண்ணுமில்ல!”

செல்வின் போட்ட சத்தத்தில்தான் இசக்கியப்பனுக்கு விஷயம் உறைத்தது. அதற்குள் வடிவம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கோயில்பிச்சை மட்டும் பதறவில்லை. பிரிண்ட் போட்ட பட்டியலை வெல்வெட் அட்டை ஆல்பத்துக்குள் செருகி, பயபக்தியோடு நீட்டினான்.

வடிவம்மாள் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது.

“மருமவனே, எல்லாம் லட்சணமாத்தான் இருக்கு. இந்த நானூத்தி ஏழாவதுல மட்டும் என்னைய ஏன் இம்புட்டு குண்டா எடுத்திருக்கீய?”

இசக்கியப்பன் எட்டிப் பார்த்தார். அந்த வரியில் மட்டும் மை கொஞ்சம் அதிகமாக விழுந்து எழுத்து ஊதியிருந்தது.

“அது பந்தி முடிஞ்சப்புறம் எடுத்தது அத்தே.”