வைக்கோல் கன்று

விடிந்தால் திருமேனிக்குக் காவி கொடுப்பதாக இருந்தது. அதைக் கட்டிவிட்டால் சொந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கக் கூடாது. அந்த மடத்து வழக்கம் அப்படி.

மனுஷர் தமிழ் வாத்தியாராக இருந்தவர். மடத்துத் தலைவரான அடிகளைவிட வயதில் மூத்தவர். ஒரே மகளை விஷக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. கருமாதி முடிந்த கையோடு, பெண்சாதி வடிவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மடத்தில் வந்து விழுந்தார்.

அன்று சாயங்காலம் அடிகள் முன்னால் போய் நின்றார்.

"சாமி, உயிர் உயிர்னு சொல்றோமே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"வாத்தியார் நீங்க. நீங்களே சொல்லுங்க."

"அறிவு உள்ளது உயிர், இல்லாதது சடம். அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனா அந்தச் சொல் எங்கேருந்து வந்ததுன்னு யோசிச்சதில்லை."

அடிகள் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார். திருமேனியும் பின்னாலேயே போனார்.

அங்கே கறவை நேரம். மயிலைப் பசுவின் கன்று போன வாரம்தான் செத்திருந்தது. பால் சுரக்க வேண்டுமே என்று, கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்கள். கறக்கிறவர் அதைப் பசுவின் முகத்தருகே நிறுத்தினார். பசு நக்கத் தொடங்கியது. செம்பில் பால் விழுந்தது.

"பாவம், ஏமாந்துபோகுது" என்றார் திருமேனி.

"ஏமாறுதா? நல்லாப் பாருங்க."

பசு நக்குவதை நிறுத்தியது. தையல் விட்ட இடத்தில் வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. அதை மோந்து பார்த்தது. பசித்த மாடு வைக்கோலைக் கண்டால் விடுமா? இது வாய் வைக்கவில்லை. மூக்கு விரிய நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு மறுபடியும் தோலை நக்கியது.



"இப்ப அது என்ன செஞ்சுது?" என்று கேட்டார் அடிகள்.

"பெருமூச்சு விட்டது, சாமி."

"பழைய தமிழ்ல அதுக்கு என்ன சொல்லுவாங்க?"

வாத்தியாருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "உயிர்த்தல்" என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.



"சந்தேகம் தீர்ந்தது, சாமி. காலையில குளிச்சிட்டு வந்துடறேன்."

அடிகள் குனிந்து, துருத்திய வைக்கோலைத் தோலுக்குள்ளே தள்ளினார்.

"பாப்பாவோட துணிமணியெல்லாம் என்ன செஞ்சீங்க, வாத்தியாரே?"

"வீட்டுலதான் இருக்கு. வடிவு யாரையும் தொட விடலை. ஒரு பாவாடையை மடியில போட்டுத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருப்பா."

"அவங்க விடற மூச்சைக் கேக்க இப்ப அங்க யாரு இருக்கா?" என்றார் அடிகள்.